பி.எட். மாலை நேரம்: நோட்டு தைக்கலாமா, லினோ வெட்டலாமா?

வெண்பலகை:
வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு, 16 வாரப் பள்ளிப் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பாடத்திட்டம், ரெக்கார்டு எல்லாம் எழுதி முடித்தால் இரவு எட்டரை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் சொந்த நேரம், ஞாயிறு முழு ஓய்வு. விடுதி அறையில் நாலு பேர், ஒரே மேசை. அடுப்புக்கு அனுமதி கிடையாது. தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் உண்டு. 1500 ரூபாய்க்குள் தொடங்க வேண்டும்.

மனசில் இருப்பவை மூன்று: நோட்டு தைத்து பைண்டிங் செய்வது, லினோ அச்சு (லினோ பலகையில் படம் வெட்டி மை உருட்டித் தாளில் எடுப்பது), வெயிலில் எடுக்கிற நீல அச்சு. இந்த நிலைமைக்கு எது சரிப்படும்? பொருள், அளவு, எந்த இடத்தில் சொதப்பும் என்பதோடு சொன்னால் உதவியாக இருக்கும். ஒரே வேண்டுகோள்: டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) யோசனை வேண்டாம். சார்ட்டும் ஃபிளாஷ் கார்டும் பகலிலேயே போதும் போதும் என்றாகிவிடுகிறது.

தமரூசி:
நாலு பேருக்கு ஒரு மேசை என்றால் யோசிக்கவே வேண்டாம், நோட்டு தைப்பதுதான். சத்தமில்லை, நாற்றமில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். லினோ மையை உருட்டிவிட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்து போக முடியாது.

முதல் நோட்டு ஏ5 அளவில், 96 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 24 வேண்டும். நாலு நாலு தாளாகச் சேர்த்து மடித்தால் 16 பக்க ஃபாரம் ஆறு வரும்.

தாள் வாங்கும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. ஆலையில் காகிதம் ஓடுகிற திசையில்தான் இழைகள் படுத்திருக்கும். அந்த இழையோட்டம் நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே விழுந்தால் மடிப்பு வெடிக்கும், திறந்த பக்கம் படியாமல் எழும்பி நிற்கும், பசை பட்ட ஓரம் அலை அலையாகச் சுருங்கும். கடையில் வாங்கும் ஏ4 கட்டில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் இருக்கும். அதை ஏ5 ஆக மடித்தால் இழை மடிப்புக்குக் குறுக்கே போய்விடும்.

இதற்குச் சுலபமான வழி ஏ3 தாள். அதிலும் இழை நீளவாக்கில் இருந்தால், 420 மி.மீ. பக்கத்தைச் சரிபாதியாக வெட்டுங்கள். கிடைக்கிற ஏ4 துண்டில் இழை 210 மி.மீ. பக்கத்தோடு ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்புக்கு இணையாக வந்துவிடும். ஒரு நோட்டுக்கு ஏ3 தாள் 12 போதும். தாளின் கனம் 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். எடுங்கள். கரூர் பக்கம் காகிதபுரத்திலிருந்து வருகிற கரும்புச் சக்கைத் தாளே தாராளம்.

கட்டின் மேல் அச்சிட்டதை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். தாளை மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்தினால், இழைக்கு இணையாக வளைக்கும்போது எதிர்ப்பு குறைவாகவும் குறுக்கே வளைக்கும்போது விறைப்பாகவும் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றை வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். சுருண்டு குழல் மாதிரி ஆகும். அந்தக் குழல் நீளும் திசைதான் இழை.

கருவிகள்: ஓட்டை குத்தத் தமரூசி, மழுங்கிய முனை ஊசி, எஃகு ஸ்கேல், 18 மி.மீ. கட்டர், மடிப்பைத் தேய்க்க ஸ்பூனின் பின்பக்கம். நூலுக்குப் பூக்கட்டும் நூல் வேண்டாம், பிசிறு பிசிறாகப் போகும். நைலான் நூல் வழுக்கும், இழுத்தால் தாளை அறுக்கும். பைண்டர்கள் வைத்திருக்கிற லினன் நூல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் முறுக்கேறிய பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். மெழுகு பட்ட நூல் சிக்காது, போட்ட முடிச்சும் நழுவாது. நீளக் கணக்கு: முதுகு உயரம் × ஃபாரம் எண்ணிக்கை, கூட ஒரு சாண். இங்கே 210 × 6, அதாவது ஒன்றரை மீட்டர்.

மடித்த ஃபாரங்களை ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். நேரமில்லை என்று இதைத்தான் எல்லாரும் முதலில் விட்டுவிடுவார்கள். காற்று போகாத ஃபாரத்தைத் தைத்தால் நோட்டு கடைசிவரை வாயைத் திறந்துகொண்டே கிடக்கும்.

வெண்பலகை:
நன்றி ஐயா. ஓட்டை எத்தனை, எங்கே? யூடியூப்பில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

தமரூசி:
ஆறு ஓட்டை. 210 மி.மீ. முதுகில் மேலிருந்து 15, 55, 75, 135, 155, 195. ஒரு தாள் பட்டையில் இந்த அளவைக் குறித்து அதையே எல்லா ஃபாரத்துக்கும் வைத்துக் குத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஸ்கேல் பிடித்தால் அரை மில்லி, ஒரு மில்லி தள்ளிப்போய் நோட்டு கோணும். பட்டையில் "மேல்" என்று எழுதிவிடுங்கள், தலைகீழாகத் திரும்பிவிடும். குத்தும்போது ஃபாரத்தைப் பாதி திறந்து, மடிப்பின் உள்ளிருந்து வெளியே, 45 டிகிரிச் சாய்வில்.

தையல் போகிற வழி:

முதல் ஃபாரம்: வெளியிலிருந்து 15இல் நுழைந்து உள்ளேயே ஓடி 55இல் வெளியே. வெளிப்பக்கமாகத் தாண்டி 75இல் உள்ளே. 135இல் வெளியே, 155இல் உள்ளே, 195இல் வெளியே. 15இன் பக்கம் ஒரு விரல்நீள வால் விட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது: மேலே வைத்து 195இல் நுழையுங்கள். 155இல் வெளியே வந்ததும், முதல் ஃபாரத்தின் வெளித் தையலுக்கு அடியில் ஊசியை விட்டு எடுத்து 135இல் உள்ளே போங்கள். 75, 55 ஓட்டைகளிலும் அப்படியே. 15இல் வெளியே வந்து வாலோடு இரட்டை முடிச்சு.

மூன்றாவதிலிருந்து: ஓரத்தில் வெளியே வந்ததும், கீழே உள்ள இரண்டு ஃபாரங்களுக்கும் நடுவே ஊசியை விட்டு, உண்டாகிற வளையத்துக்குள் எடுத்து இறுக்கி, அதன் பிறகு அடுத்த ஃபாரத்துக்கு ஏறுங்கள். இந்த ஓர முடிச்சு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் நோட்டின் தலைப்பக்கம் விரிசல் விடும்.

நூலை இழுப்பது எப்போதும் முதுகோடு இணையாக, தையல் போகிற திசையில். உங்களை நோக்கி இழுத்தால் ஓட்டை கிழிந்து நீளும்.

ஈரமை:
தமரூசி சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் "படைப்பு" என்று பார்த்தால் நோட்டு தைப்பதில் என்ன இருக்கிறது? கடைசியில் கிடைப்பது வெள்ளைத் தாள்தானே. லினோவில் ஒரு படம் கிடைக்கிறது, அதுவும் ஒன்றல்ல, வேண்டிய அளவு பிரதி. தொடங்குவதும் கடினமில்லை.

வாங்கும்போது கவனம். நம்மூரில் தரைவிரிப்புக் கடையில் "லினோலியம்" கேட்டால் வினைல் ஷீட் கொடுப்பார்கள். அடியில் பஞ்சு மாதிரி நுரை ஒட்டியதை வெட்டவே முடியாது, பிய்யும். அச்சுக்கான லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணியில் படிய வைத்தது. ஓவியப் பொருள் கடையில் கேளுங்கள். அதே கடையில் கிடைக்கும் மென்ரப்பர் பலகையில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், தொடக்கத்துக்குச் சுலபம்தான். ஆனால் நுண்ணிய கோடு அதில் நிற்காது, தேய்க்கும்போது நெளியும்.

உளிகள் இரண்டு போதும், வி முனை ஒன்று, யு முனை ஒன்று. லினோ விறைப்பாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், இரவென்றால் சூடான கெட்டிலின் பக்கத்தில். மிருதுவாகும்.

காயம் படுவது ஒரே காரணத்தால்தான்: பலகையைப் பிடிக்கிற கை உளிக்கு முன்னால் இருப்பது. ஒரு ப்ளைவுட் துண்டின் மேல்பக்கம் ஒரு ஓரத்திலும் கீழ்ப்பக்கம் எதிர் ஓரத்திலும் ஒரு ரீப்பர் கட்டையை ஒட்டிவிடுங்கள். கீழ்க்கட்டை மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், லினோ மேல்கட்டையில் முட்டி நிற்கும், பிடிக்கிற கை பின்னால் இருக்கலாம். வளைவு வெட்டும்போது உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள்.

தமிழ் எழுத்து வெட்டப் போகிறீர்கள் என்றால் 15 மி.மீ. உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். ன, ண, ழ மூன்றும் பழி வாங்கும். ண-வின் சுழிகளுக்கு நடுவே நிற்கிற சுவர் ஒரு மில்லிக்குக் குறைந்தால் உடைந்து விழும். முதலில் சுழிக்குள் இருக்கும் வெள்ளையைக் குடைந்துவிட்டுப் பிறகு வெளிக்கோட்டுக்கு வாருங்கள். வெளியை முதலில் எடுத்துவிட்டால் சுவருக்குத் தாங்கல் இருக்காது. எழுத்து தலைமாறி வர வேண்டும் என்பது தெரிந்ததே. டிரேசிங் தாளில் 4பி பென்சிலால் வரைந்து, கவிழ்த்து வைத்துத் தேய்த்தால் தானாகவே இடவலம் மாறிப் பதியும்.

குடைந்து_பார்:
ஈரமை, மை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? பாதிப் பேர் லினோவைக் கைவிடுவதே அங்கேதான்.

ஈரமை:
வருகிறேன். விடுதிக்கு எண்ணெய் மை தோதுப்படாது. அருமையாகப் பதியும், ஆனால் காய இரண்டு மூன்று நாள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். கழுவ மண்ணெண்ணெய் தேவையில்லை, சமையல் எண்ணெயால் துடைத்துச் சோப்புப் போட்டாலே போய்விடும் என்றாலும் நாலு பேர் துணி காய்கிற கொடியில் அச்சுகளையும் தொங்கவிட வேண்டியிருக்கும்.

ஆகவே அக்ரிலிக். ஒரு டீஸ்பூன் அக்ரிலிக் வண்ணத்துக்கு மருந்துக்கடை கிளிசரின் மூன்று நாலு சொட்டு. கிளிசரின் இல்லாவிட்டால் திருச்சி வெயிலில் உருட்டி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். அதிகமானால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள். போஸ்டர் கலர் சரிவராது. அடுத்த தடவை ஈரம் பட்டாலே கரையும்.

உருட்டக் கெட்டி ரப்பர் ரோலர் வேண்டும். சுவருக்கு அடிக்கிற ஸ்பாஞ்ச் ரோலரில் மை பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் டேப் ஒட்டி அதில் மையைப் பரப்புங்கள். அளவைக் காதால் கண்டுபிடிக்கலாம்: ரோலர் ஓடும்போது சன்னமாகச் "சர்ர்" என்று ஒலித்தால் சரி, சளசளவென்று கேட்டால் மை கூடுதல். கூடினால் மெல்லிய கோடுகள் அடைபடும். முதல் இரண்டு மூன்று பிரதி வெளிறித்தான் வரும், அதற்காக மையைக் கொட்டாதீர்கள்.

தாள் 100 முதல் 150 ஜி.எஸ்.எம். வரை, வழுவழுப்பு இல்லாதது. மேலே வைத்து எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மட்டும் மறுபடி தேய்க்கலாம். தாள் நகரக் கூடாது. முடிந்த உடனே கழுவிவிடுங்கள். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் ரோலரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நீலத்தாள்:
மூன்றாவது யோசனைக்கு ஆள் இல்லை போலிருக்கிறது. உங்கள் கால அட்டவணைக்கு நீல அச்சுதான் கச்சிதம் என்பேன். சனி இரவு தாளில் மருந்து பூசி உலர விடலாம், ஞாயிறு உச்சி வெயிலில் அச்செடுக்கலாம். வேலை நடக்கிற நேரம் மொத்தமே ஒன்றரை மணி.

1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. மறு வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்துத் தொகுப்பாகக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார். பொறியாளர்கள் சொல்லும் புளூ பிரிண்ட் இதன் வாரிசு.

கரைசல் அ: பச்சை வகை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி நீரில். கரைசல் ஆ: பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், 100 மில்லி நீரில். வாலை வடிநீர் பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரே போதும், அமிலம் கலந்தது மட்டும் வேண்டாம். இரண்டையும் தனித்தனிப் பழுப்பு நிறப் பாட்டிலில் வைக்க வேண்டும். தேவையான அளவு மட்டும் சரிசமமாகக் கலந்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஏ5 தாளுக்குக் கலவை 1 மில்லி போதும். அ பாட்டிலில் பூஞ்சை பிடிக்கும், வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

பூசுவது மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில். தூரிகையில் இரும்புப் பட்டை இருந்தால் நீலப் புள்ளிகள் விழும், ஸ்பாஞ்ச் தூரிகை நல்லது. பூசிய தாளை அலமாரிக்குள் காய விட்டு, கறுப்புக் கவரில் போட்டு, மறுநாளே பயன்படுத்துங்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் இருட்டிலேயே நீலம் பாயத் தொடங்கிவிடும்.

இலைகளை முதல் நாளே செய்தித்தாளுக்குள் வைத்துத் தட்டையாக்குங்கள். முருங்கை, பெரணி, கீழாநெல்லி எல்லாம் அழகாக விழும். பூவரச இலை மாதிரி தடித்தது கண்ணாடிக்கு அடியில் தாளைவிட்டு எழும்பி நிற்கும், ஓரம் மங்கும். ஈர இலை கறை விடும். அட்டை, தாள், இலை, கண்ணாடி என்ற வரிசையில் அடுக்கி நாலு பக்கமும் கிளிப் போடுங்கள்.

நண்பகல் வெயிலில் ஐந்து முதல் பத்து நிமிடம். மஞ்சள்பச்சையாக இருந்தது நீலமாகி, பிறகு சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்குப் போகும். அப்போது எடுக்க வேண்டும். நீலம் வந்ததுமே எடுத்தால் கழுவும்போது பாதி ஓடிவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். நம்மூர் போர்வெல் தண்ணீரில் கழுவினால் படம் கண்ணெதிரே வெளிறும். அந்த நீல நிறமிக்குக் காரத்தன்மை ஆகாது, கடின நீர் பெரும்பாலும் கார நீர். ஒரு லிட்டருக்கு அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் முதல் அலசல், பிறகு சாதாரண நீரில் மஞ்சள் முழுக்கப் போகும்வரை ஐந்து, பத்து நிமிடம். சோப்பு பட்டாலும் படம் போச்சு. இதே காரணத்தால் சுண்ணாம்புச் சத்து சேர்த்த காப்பியர் தாளும் சரிப்படாது, வாட்டர்கலர் தாள் வாங்குங்கள்.

பாதுகாப்பு: ஃபெரிசயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அதில் வலுவான அமிலம் எதுவும் பட விடக்கூடாது, சூடுபடுத்தவும் கூடாது, நச்சு வாயு வரும். அந்தக் கெட்டில் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். கையுறை போடுங்கள்.

தமரூசி:
நீலத்தாள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் நாலு பேர் தூங்கி, சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கிற அறையில் பெயரெழுதிய இரண்டு ரசாயன பாட்டிலை வைப்பதற்கு வார்டன் சம்மதிப்பாரா? கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வைக்க இடம் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

நீலத்தாள்:
அது நியாயம். ஆய்வகமே சரியான இடம். அங்கே ஃபெரிசயனைடு ஏற்கெனவே இருக்கும், சிட்ரேட் மட்டும் வாங்கினால் போதும்.

கோலப்பொடி:
இதில் எதைக் கற்றாலும் வகுப்புக்குக் கொண்டுபோகலாமே? பிள்ளைகளுக்கு நோட்டு தைக்கச் சொல்லிக் கொடுத்தால் செயல்வழிக் கற்றல் ஆகிவிடும். ரெக்கார்டிலும் ஒரு பக்கம் ஏறும். 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு வந்த காந்தியின் ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தானே நடு நாயகம்? ஆசிரியர் பயிற்சியிலேயே நூல் நூற்க வைத்தார்களே.

குடைந்து_பார்:
கேட்டவர் முதல் பதிவிலேயே டி.எல்.எம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே அம்மா. ஆதாரக் கல்வியில் கைத்தொழில் வழியாகப் பாடம் நடந்தது, அது வேறு திட்டம். இங்கே கேட்பது எட்டரைக்கு மேல் யாரும் மதிப்பெண் போடாத ஒரு மணி நேரம். அதையும் ரெக்கார்டில் ஏற்றினால் அடுத்த வாரமே மேற்பார்வை ஆசிரியர் "இன்னும் பத்து செய்துவா" என்பார். இரண்டு வருடம் கழித்து வேலையில் சேர்ந்த பிறகு வேண்டுமானால் வகுப்புக்கு எடுத்துப்போகட்டும்.

கோலப்பொடி:
சரி, வாபஸ். ஆனால் பிள்ளைகளே கேட்டால் சொல்லிக் கொடுப்பார் பாருங்கள் :)

வெண்பலகை:
நோட்டுதான் என்று முடிவாகிவிட்டது. சமாதானத்துக்கு, மேலட்டையில் ஒரு லினோ அச்சு ஒட்டலாம் என்றிருக்கிறேன். ஆறு ஃபாரமும் தைத்தாகிவிட்டது. முதுகுப் பக்கம் மட்டும் உப்பி, முன்பக்கத்தைவிடத் தடிமனாக நிற்கிறது. இது எதனால்? அட்டை எப்படிப் போடுவது? கேட்டதெல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

காலிகோ:
உப்பல் நூலால் வருவது. ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்புக்குள்ளும் ஒரு நூல் ஓடுகிறது. ஆறு நூலின் தடிமன் முதுகில் மட்டும் சேர்கிறது. நூல் தடிமனாக இருந்தாலோ மடிப்பு சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்தாலோ அதிகமாகத் தெரியும். ஓரளவு உப்பல் இருந்தே தீரும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஓர் இரவு அழுத்தினால் கணிசமாகக் குறையும். அடுத்த நோட்டுக்கு மெல்லிய நூல், இல்லாவிட்டால் ஐந்து தாள் ஃபாரமாக ஐந்து.

அட்டைக்கு முன்னால் முதுகு. தலைப்பக்கத்தையும் முதுகையும் மேசையில் தட்டிச் சமப்படுத்தி, இரண்டு பலகைக்கு நடுவே முதுகு 3 மி.மீ. மட்டும் வெளியே தெரிய வைத்து இறுக்குங்கள். பிடிக்க நாலு பைண்டர் கிளிப், மேலே கனத்துக்கு ஒரு கட்டு புத்தகம். முதுகில் வெள்ளைப் பசை மெல்லிசாக ஒரு பூச்சு, ஃபாரங்களுக்கு நடுவே சற்று இறங்கும்படி. அதிகம் போட்டால் பக்கங்களுக்கு இடையில் ஓடி ஒட்டிக்கொள்ளும். மரவேலைக்கு விற்கிற கெட்டி ஃபெவிகால் காய்ந்ததும் விறைத்துப்போகும், நோட்டு விரியாது. கைவினைக்கு விற்கும் வகையை எடுங்கள்.

காய்ந்ததும் முன்னும் பின்னும் ஒரு ஏ4 தாளை மடித்து, மடிப்போரத்தில் 4 மி.மீ. மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். அட்டையோடு நோட்டைப் பிடித்து நிறுத்தப்போவது இந்த முகத்தாள்தான், ஆகவே இதுவும் இழையோட்டம் பார்த்த தாளாக இருக்க வேண்டும். கொஞ்சம் கனமாக, 100 ஜி.எஸ்.எம். இருந்தால் நல்லது. பிறகு முதுகின் மேல் மருந்துக்கடை கட்டுத்துணி: உயரம் முதுகைவிட மேலும் கீழும் 10 மி.மீ. குறைவு, அகலம் இருபுறமும் 25 மி.மீ. அதிகம். அந்த இறக்கைகள் அட்டைக்குள் போய் ஒட்டும். அதற்கு மேல் முதுகளவுக்கு ஒரு பழுப்புத் தாள் பட்டை.

அட்டை 2 மி.மீ. சாம்பல் மில்போர்டு. ஓரம் வெட்டாத ஏ5 என்பதால் உயரம் 216, அகலம் 145, இரண்டு துண்டு. முதுகுப் பட்டை உயரம் 216. அகலம் தைத்த கட்டின் தடிமனோடு இரண்டு அட்டைத் தடிமன். உங்கள் நோட்டு உப்பலோடு 6 அல்லது 7 மி.மீ. வரும், கூட்டினால் 10 அல்லது 11. அட்டைக்கும் முதுகுப் பட்டைக்கும் நடுவே 7 மி.மீ. இடைவெளி. இதைக் குறைத்தால் அட்டை திறக்கும்போது முகத்தாளைக் கிழிக்கும், கூட்டினால் நோட்டு உள்ளே ஆடும். அட்டையிலும் இழையோட்டம் உண்டு, நீளவாக்கில் இருக்கட்டும்.

மேலே போர்த்துகிற காலிகோ துணி (பைண்டிங் துணி) சுற்றிலும் 18 மி.மீ. கூடுதலாக. மூலையைச் சாய்வாக வெட்டும்போது அட்டை முனையிலிருந்து 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் முனையில் அட்டை எட்டிப் பார்க்கும். நீளப்பக்கம் முதலில் மடித்து, மூலையில் எஞ்சும் துணியை நகத்தால் உள்ளே தள்ளி, பிறகு குறுகிய பக்கம்.

துணி ஒட்ட மைதாப் பசை நல்லது, நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். அடுப்பு இல்லாமலும் முடியும்: மைதா 30 கிராமை 60 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கெட்டிலில் தளதளவென்று கொதிக்கிற நீர் 130 மில்லியை ஒரே சீராக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். வெள்ளை போய்க் கண்ணாடித்தன்மை வந்தால் வெந்துவிட்டது. வராவிட்டால் தண்ணீர் போதிய சூட்டில் இல்லை, அந்தப் பசை ஒட்டாது, உதிரும். கிண்ணத்தை முதலிலேயே வெந்நீரால் சூடாக்கிக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது. ஆறியதும் வெள்ளைப் பசை பாதிக்குப் பாதி கலந்தால் பிடிப்பு கூடும்.

கடைசியில் முகத்தாளில் பசை தடவி அட்டையை மூடுங்கள். உள்ளே ஈரம் பரவாமல் முகத்தாளுக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே பால் கவர் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து வெட்டி வையுங்கள். கனத்துக்கு அடியில் குறைந்தது 12 மணி நேரம். ஃபேனுக்குக் கீழே திறந்து காய வைத்தால் அட்டை வில்லாக வளையும். துணி காய்ந்து வெளிப்பக்கம் இழுக்கிறது, முகத்தாள் உள்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் காய்ந்தால்தான் தட்டையாக நிற்கும்.

குடைந்து_பார்:
லினோ அச்சை அட்டையில் ஒட்டப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அந்த இடத்தில் அட்டையின் மேல் தோலை ஒரு தாள் ஆழத்துக்குச் செதுக்கி எடுத்துவிடுங்கள். அச்சு பள்ளத்தில் உட்காரும், பையில் உரசி ஓரம் உரியாது. துணி ஒட்டிய பிறகு அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஸ்பூனால் நன்றாக அழுத்திவிட்டு ஒட்டுங்கள்.

வெண்பலகை:
ஓரம் வெட்ட இயந்திரம் இல்லையே. நாலு தாள் மடித்ததில் நடுத்தாள் லேசாக நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டரால் வெட்டலாமா?

தமரூசி:
மொத்தக் கட்டையும் கட்டரால் வெட்டினால் கத்தி சாயும், கீழ்ப்பக்கம் ஒரு மில்லி உள்ளே போயிருக்கும். நாலு தாளில் நீட்டல் அரை மில்லிக்கும் குறைவு, அப்படியே விட்டுவிடலாம். கட்டாயம் வெட்ட வேண்டுமென்றால் பக்கத்து அச்சகத்தில் கட்டிங் மிஷின் இருக்கும். முதுகில் பசை காய்ந்த பிறகு, அட்டை போடுவதற்கு முன்னால் கொண்டுபோங்கள். கட்டுத்துணியும் அப்போது ஒட்டியிருக்கக் கூடாது, இறக்கைகளையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். மூன்று பக்கமும் 3 மி.மீ. போனால் கட்டு 145 × 204 ஆகும். அட்டையை அதற்கேற்ப 142 × 210 என்று மாற்றிக்கொள்ளுங்கள். துளையளவு பாதிக்காது, ஓரத் துளை வெட்டிலிருந்து 12 மி.மீ. உள்ளே இருக்கும்.

கோலப்பொடி:
ஒரு சந்தேகம். மைதாப் பசைக்கு இராமபாணப் பூச்சி வருமே. பைண்டர் கடையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள், அதைச் சேர்க்கலாமா?

காலிகோ:
விடுதியில் வேண்டாம். மயில்துத்தம் நஞ்சு. பசை கிண்டிய கையும் கிண்ணமும் நாலு பேர் புழங்குகிற அறையில் இருக்கும், தவிர அது நாளாவட்டத்தில் தாளையும் கெடுக்கும். பசையைக் கொஞ்சமாகக் கிண்டி இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பூச்சிக்குப் பிடித்தது ஈரமும் இருட்டும்தான். நோட்டைச் சுவரை ஒட்டி அடுக்காமல் விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள், மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தட்டுங்கள். அதற்கும் மேல் பயமென்றால் வெள்ளைப் பசையை மட்டும் பயன்படுத்துங்கள், அதை அது சீண்டாது. ஆனால் அப்போது துணியை ஒரே தடவையில் சரியாக வைத்துவிட வேண்டும், இழுத்துச் சரிசெய்ய அது விடாது.